எட்டாம் நாள் கடைவீதி: முதல் கார்ட்டிசோன் ஊசி பற்றிய நிகழ்வு ஆய்வு

மூட்டுவலி வைத்தியத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டைத்தான் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். வழக்கமாக இதை வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். பாதி வரை அப்படித்தான்.

நோயாளி

பெண். வயது 29. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலிருந்து வந்தவர். மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், மேயோ கிளினிக் மருத்துவர்கள் பணியாற்றிய செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் 1948 ஜூலை 26 அன்று சேர்ந்தார். நோய், முடக்குவாதம். நம் பக்கத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். இன்றைய ஆஸ்பத்திரிச் சீட்டில் ஆர்.ஏ. என்று எழுதியிருக்கும். நான்கு ஆண்டுகளுக்கு மேல் முற்றிப்போன நோய். நடை ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. கட்டிலில் ஒருபக்கமாகப் புரண்டு படுப்பதே பெரும்பாடு.

அன்றைக்கு இந்த நோய்க்கு இருந்த வைத்தியம் கொஞ்சம்தான். ஆஸ்பிரின், ஓய்வு, ஒத்தடம். அதற்கு மேல் போனால் தங்க உப்பு ஊசி. பிரான்சின் ஜாக் ஃபோரஸ்டியே 1929 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அந்த ஊசி சிலருக்குக் கேட்டது. தோலிலும் சிறுநீரகத்திலும் தொல்லை கொடுத்ததும் உண்டு.

இந்தப் பெண்ணுக்கு மேயோவின் மூட்டுநோய் மருத்துவர் ஃபிலிப் ஹெஞ்ச் முதலில் கொடுத்த மருந்து லாக்டோஃபெனின். எதற்காகத் தெரியுமா? மஞ்சள் காமாலையை வரவழைக்க. காமாலை வரவில்லை. மூட்டும் இளகவில்லை. வாரங்கள் ஓடின. ஏதாவது ஒரு வழி பிறக்காமல் ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருந்துவிட்டார். மருத்துவ வரலாற்றுக்கு அந்தப் பிடிவாதம் பெரிய உபகாரம்.

காமாலையைத் தேடிய டாக்டர்

இருக்கிற நோய் போதாதென்று இன்னொரு நோயை வரவழைக்க ஒரு டாக்டர் முயல்வாரா? ஹெஞ்சுக்கு அதற்குக் காரணம் இருந்தது. 1929 ஏப்ரல் 1 அன்று 65 வயது நோயாளி ஒருவர், அவரும் ஒரு டாக்டர்தான், ஹெஞ்சிடம் ஒரு விஷயம் சொன்னார். காமாலை கண்ட மறுநாளே தன் மூட்டுவலி குறையத் தொடங்கிவிட்டது என்று. காமாலை நான்கு வாரத்தில் இறங்கிவிட்டது. மூட்டோ அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் நன்றாக இருந்தது.

முடக்குவாதம் என்பது ஒருமுறை பிடித்தால் விடாது, ஒரே சரிவாகத்தான் போகும் என்பது அன்றைய எண்ணம். ஹெஞ்ச் அதைச் சந்தேகித்தார். காமாலை வந்த மூட்டுநோயாளிகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். கர்ப்பம் தரித்த பெண்களுக்கும் இதே போல வீக்கம் வடிவதையும், பிரசவத்துக்குப் பிறகு நோய் திரும்பி வருவதையும் பார்த்தார். அறுவை சிகிச்சை, பட்டினி போன்றவற்றுக்குப் பிறகும் சிலருக்குத் தற்காலிகமாகக் குறைந்தது. ஆணுக்கும் குறைகிறது, கர்ப்பிணிக்கும் குறைகிறது என்றால் அது பித்தமாகவும் இருக்க முடியாது, பெண் ஹார்மோனாகவும் இருக்க முடியாது. உடம்பே சுரக்கும் வேறு ஏதோ ஒன்று. அதற்கு ‘எக்ஸ்’ என்று பெயரிட்டுக்கொண்டு, பித்த உப்பு கொடுத்தார், காமாலைக்காரரின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

அதே மேயோவில் வேதியியலர் எட்வர்ட் கெண்டல், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் புறணியிலிருந்து, அதாவது வெளி அடுக்கிலிருந்து, ஹார்மோன்களைப் பிரித்து, ஏ, பி, ஈ, எஃப் என்று எழுத்திட்டு வைத்திருந்தார். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் டாடியஸ் ரைக்ஸ்டைன் தனியாக அதே வேலையில் இருந்தார். ‘எக்ஸ்’ இந்தச் சுரப்பியிலிருந்து வருவதாக இருக்கலாம் என்று ஹெஞ்சும் கெண்டலும் 1941-லேயே பேசி முடித்துவிட்டார்கள். ஈ சேர்மத்தை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஹெஞ்ச் குறிப்பேட்டிலும் எழுதிவைத்தார். கொடுத்துப் பார்க்கச் சரக்குதான் இல்லை.

சரக்கு கிடைத்த கதை போரோடு சேர்ந்தது. ஜெர்மானிய விமானிகள் அட்ரினல் சாற்றைப் போட்டுக்கொண்டு மிக உயரத்தில் பறக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்ப, அமெரிக்க அரசு இந்த ஹார்மோன் ஆராய்ச்சிக்கு முன்னுரிமை கொடுத்தது. வதந்தி பொய். ஆனால் அதன் உந்துதலில் மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் 1944-ல் மாட்டுப் பித்தத்தின் அமிலத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து ஈ சேர்மத்தைச் செய்துவிட்டார். 1948-ல் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற அளவுக்குக் கையில் கொஞ்சம் சேர்ந்திருந்தது. ஊருக்குப் போக மறுத்த அந்தப் பெண்ணுக்காக ஹெஞ்ச் மெர்க்கிடம் அதைக் கேட்டு வாங்கினார்.

ஊசி

1948 செப்டம்பர் 21, செவ்வாய்க்கிழமை. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் என்று தசையில் ஊசி போடத் தொடங்கினார்கள். ஹெஞ்சோடு இருந்தவர்கள் சார்லஸ் ஸ்லோகம்ப், ஹோவர்ட் பாலி.

மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. 23-ஆம் தேதி காலையில் கண்விழித்தபோது கட்டிலில் தானாகவே புரள முடிந்தது. தசை வலி குறைந்திருந்தது. 24-ஆம் தேதி காலை இறுக்கம் போய்விட்டது. மூன்று நாள் முன்பு நடக்கவே திணறியவர் இப்போது லேசாகச் சாய்ந்து நடந்தார், அவ்வளவுதான். 28-ஆம் தேதி, அதாவது ஊசி போட ஆரம்பித்த எட்டாம் நாள், ராச்செஸ்டர் கடைவீதிக்குப் போய் மூன்று மணி நேரம் சாமான் வாங்கினார். திரும்பும்போது களைப்பு இருந்தது. வலியோ இறுக்கமோ இல்லை.

இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. 100 மில்லிகிராம் என்பது அன்றைக்கு ஹார்மோன் குறைபாட்டுக்குத் தேவை என்று நினைக்கப்பட்டதைவிடப் பெரிய அளவு. குறைவாகக் கொடுத்திருந்தால் பலன் கண்ணில் பட்டிருக்காது. அந்த மருந்தைப் பரணில் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஊசி மருந்திலிருந்த படிகங்களின் பருமனும் தற்செயலாகச் சரியாக அமைந்தது, உடம்பு அதை உறிஞ்சிக்கொண்டது.

அடுத்த மாதங்களில் இன்னும் சிலருக்குப் போட்டார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கொலஸ்டிரால் கலவையைச் சொல்லாமல் மாற்றிப் போட்டும் பார்த்தார்கள். மருந்து நின்றதும் நோய் தலைதூக்கியது. மருந்து போடும்போது, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற ரத்த அளவு இறங்கியது. ஆக, இது மனப்பிரமை இல்லை. 1949 ஏப்ரல் 13 அன்று மேயோவின் மருத்துவர் கூட்ட இதழில் முதல் அறிக்கை வெளியானது: ஈ சேர்மம் பெற்றவர்கள் 14 பேர், அட்ரினலைச் சுரக்கத் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பியின் ஏ.சி.டி.எச். ஹார்மோன் பெற்றவர்கள் 2 பேர். நோயாளிகள் முன்பு எப்படித் தவழ்ந்தார்கள், பிறகு எப்படிப் படியேறினார்கள் என்று ஹெஞ்ச் படமெடுத்து வைத்திருந்தார். அட்லாண்டிக் சிட்டியில் அதைத் திரையிட்டபோது டாக்டர்கள் கைதட்டினார்கள். பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்தவர் ஹெஞ்ச். பேச்சு தெளிவாக வராது. படம் அவருக்காகப் பேசியது.

வைட்டமின் ஈ-யோடு குழம்பக் கூடாது என்று அந்த ஈ சேர்மத்துக்குக் கார்ட்டிசோன் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே, 1950-ல், ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. முதல் ஊசிக்கும் பரிசுக்கும் இடையில் சுமார் இரண்டே ஆண்டு.

மூட்டுக்குள் நடந்தது என்ன

முட்டியையோ விரல் கணுவையோ சுற்றி உள்ளே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. ஆரோக்கியமான மூட்டில் அதன் வேலை வழுவழுப்பான திரவத்தைச் சுரப்பது. முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்பாற்றலே திசை மாறி அந்தச் சவ்வில் வந்து குடியேறுகிறது. டி.என்.எஃப்., ஐ.எல்.-6 போன்ற செய்திப் புரதங்கள் ஊற்றெடுக்கின்றன. சவ்வு தடித்து, ரத்தக்குழாய் பெருகி, பக்கத்துக் குருத்தெலும்பின் மேல் படர்ந்து அரிக்கத் தொடங்குகிறது. எக்ஸ்ரேயில் விரலெலும்பின் ஓரத்தில் எலி கொறித்தது போன்ற குழி தெரிந்தால், அரிப்பு தொடங்கி நாளாகிவிட்டது என்று பொருள்.

காலையில் விரல் மடக்க வராமல் இருப்பதற்கும் இதில் விளக்கம் இருக்கிறது. உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசால் நள்ளிரவில் மிகக் குறைவு. விடியும் நேரத்தில்தான் ஏறும். அந்த இடைவெளியில் ஐ.எல்.-6 மேலோங்கிவிடுகிறது. வாளியைத் தூக்க முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை, பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தேவலை என்று முடக்குவாதக்காரர்கள் சொல்வது அதனால்தான்.

கார்ட்டிசோன் உடம்புக்குள் போனதும் கல்லீரலில் கார்ட்டிசாலாக மாறுகிறது. அது செல்லுக்குள் நுழைந்து, அழற்சிப் புரதங்களைச் செய்யச் சொல்லும் மரபணுக் கட்டளைகளையே அமுக்கிவிடுகிறது. சவ்வின் கசிவு வடிகிறது, வீக்கம் இறங்குகிறது, வலி நரம்புகள் அமைதியாகின்றன. இரண்டு மூன்று நாளில் ஆள் எழுந்து நடப்பதில் மாயம் எதுவும் இல்லை. ஆனால் எதிர்ப்பாற்றல் ஏன் திசை மாறியதோ அந்தக் காரணம் அப்படியே இருக்கிறது. அரித்த குழியும் நிரம்புவதில்லை.

கதையின் மறுபாதி

ஊசியை நிறுத்தியதும் நோய் திரும்பியது. பலருக்கு நாட்களில், சிலருக்கு வாரங்களில். தொடர்ந்து போட்டால் முகம் உருண்டு திரண்டது, கால் நீர் கோத்தது, பெண்களுக்கு முகத்தில் முடி முளைத்தது, மாதவிலக்கு தப்பியது, சிலருக்கு மனநிலையே புரண்டது. சர்க்கரை ஏறுவது, எலும்பு பொடிவது, அமுங்கிக் கிடந்த காசநோய் கிளம்புவது எல்லாம் அனுபவத்தில் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன.

ஹெஞ்சைக் குறைசொல்ல இதில் இடமில்லை. இது நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை, ஆராய்வதற்கு ஒரு கருவி என்ற எச்சரிக்கையோடுதான் அவர் எழுதினார். ஆனால் பத்திரிகைகளில் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர் எழுந்து நடக்கும் படம் வந்த பிறகு எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? 1949-ல் கிராம் 200 டாலர் விற்ற மருந்து. ஒரு நோயாளியின் ஒரு நாள் மருந்துக்கு ஏறத்தாழ நாற்பது மாடுகளின் பித்தம் வேண்டும் என்று கணக்குச் சொன்னார்கள். அப்படியும் கிராக்கி அடங்கவில்லை. 1950-களில் மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்தும், பூஞ்சையைக் கொண்டு வேதிமாற்றம் செய்யும் வழியிலும் ஸ்டிராய்டு, அதாவது கார்ட்டிசோன் வகை மருந்து, மலிவானது. 1955-ல் அதே வகையைச் சேர்ந்த பிரெட்னிசோனும் பிரெட்னிசோலோனும் கடைக்கு வந்தன.

என் பார்வையில் இந்தக் கேஸை முழுமையாக்கும் ஆவணம் 1954-ல் பிரிட்டனில் வெளியான ஒரு சோதனை அறிக்கைதான். தொடக்க நிலை முடக்குவாதக்காரர்கள் 61 பேர். பாதிப்பேருக்குக் கார்ட்டிசோன், பாதிப்பேருக்கு ஆஸ்பிரின், யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஓராண்டு கழித்து மூட்டின் நிலை, கையின் பிடி, அன்றாட வேலை எல்லாவற்றையும் அளந்து பார்த்தால், இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை! நோபல் பரிசு மருந்து ஒருபக்கம், பெட்டிக்கடை ஆஸ்பிரின் மறுபக்கம்.

அதற்காக ஸ்டிராய்டு வீண் என்று முடிவுகட்டுவதும் சரியில்லை. 1950-களின் கடைசியில் பிரிட்டனிலேயே பிரெட்னிசோலோனை வைத்து நடந்த அடுத்த சோதனையில் கை எலும்பு அரிப்பு குறைந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. 1995-ல் தினம் 7.5 மில்லிகிராம் மட்டும் கொடுத்த சோதனையிலும் அதே விடை. 2022-ல், 65 வயது தாண்டியவர்களுக்கு தினம் 5 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். நோய் கட்டுக்குள் இருந்தது, அரிப்பு குறைந்தது. தொற்று உள்ளிட்ட பக்கவிளைவுகளும் கூடின. மருந்து ஒன்றுதான். எவ்வளவு, எத்தனை நாள், கூட வேறு என்ன என்பதில்தான் வழக்கு.

கார்ட்டிசோனின் வெளிச்சத்தில் மறைந்த மருந்து

அந்தப் பெண்ணுக்கு முதல் ஊசி போடுவதற்கு ஆறேழு வாரம் முன்பு, 1948 ஆகஸ்டில், நியூயார்க்கில் ஒருவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். பெயர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தி அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளைச் செய்தது. அமினோப்டெரின் ஒன்று, மெத்தோட்ரெக்சேட் இன்னொன்று. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குச் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரினைக் கொடுத்துப் பலன் கண்டது 1948-லேயே வெளிவந்துவிட்டது.

1951-ல் அதே அமினோப்டெரினை முடக்குவாதத்துக்கும் கொடுத்துப் பார்த்தார் ரிச்சர்ட் கப்னர். கேட்டது. ஆனால் அன்றைக்கு மூட்டுநோய் உலகம் முழுவதும் கார்ட்டிசோன் மயக்கத்தில் இருந்தது. புற்றுநோய்க்கான நச்சு மருந்தை மூட்டுவலிக்கா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறை கொடுத்தால் முடக்குவாதம் அடங்குகிறது என்பதை முறையான சோதனைகள் காட்டியது 1985-ல். அமெரிக்க அரசு ஒப்புதல் 1988-ல். முப்பது ஆண்டுக்கு மேல் தாமதம்! இரண்டே நாளில் கட்டிலில் புரள வைக்கும் மருந்து கையில் இருக்கும்போது, ஆறேழு வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும் மருந்துக்கு யார் காத்திருப்பார்கள்? அந்தத் தலைமுறை நோயாளிகளின் கோணிப்போன விரல்களுக்கு இந்த அவசரமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அதே நோயாளி இன்று வந்தால்

29 வயதுப் பெண், இரண்டு கையிலும் விரல் கணு வீக்கம், மணிக்கட்டு வீக்கம், காலை எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இறுக்கம். இன்று ருமட்டாலஜி (மூட்டுநோய்) டாக்டர் ஒருவர் முதலில் பார்ப்பது, இது உண்மையில் முடக்குவாதம்தானா என்று.

ஏனென்றால் மூட்டுவலி என்று வருகிற எல்லாரும் ஒரே நோயோடு வருவதில்லை. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது, உட்கார்ந்தால் குறைகிறது, காலை இறுக்கம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். அவருக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் முதல் மருந்து. நடு ராத்திரியில் கால் கட்டைவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர்போகிற வலி என்றால் யூரிக் அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். காய்ச்சலும் தோல் தடிப்புமாக ஒரே நாளில் எல்லா மூட்டும் பிடித்துக்கொண்டால் சிக்குன்குனியா இருக்கலாம்; 2006-ல் தமிழ்நாட்டில் தெருத்தெருவாக ஜனங்கள் சுவரைப் பிடித்து நடந்ததை மறந்திருக்க மாட்டோம். ஒரே ஒரு மூட்டு மட்டும் சூடாக வீங்கி, குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கக்கூடும். அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்; அந்த மூட்டுக்கு ஸ்டிராய்டு கொடுப்பது ஆபத்து.

இந்தப் பெண்ணுக்கு ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி சி.சி.பி. ரத்தப் பரிசோதனைகளும் கை கால் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். ஆர்.ஏ. ஃபாக்டர் ‘நெகட்டிவ்’ என்பதாலேயே நோய் இல்லை என்றாகாது. ‘பாசிட்டிவ்’ என்பதாலேயே நோய் என்றும் ஆகாது, வயதான ஆரோக்கியமானவர்களிடமும் அது வரும். ஆன்டி சி.சி.பி. இன்னும் நம்பகமானது. ஆனாலும் விரல் கணுவை அமுக்கிப் பார்க்கிற கைக்கு ஈடாக எந்த லேப் ரிப்போர்ட்டும் வராது.

நோய் உறுதியானால், காத்திருக்காமல் மெத்தோட்ரெக்சேட். ஆனால் அவருக்கு வயது 29 என்பதால் அதற்கு முன்பே ஒரு கேள்வி: குழந்தைப் பேறு எப்போது? இந்த மருந்து கருவைச் சிதைக்கும். கருத்தரிக்கத் திட்டமிடுகிறவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். அந்தக் காலத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபசலசின் போன்றவை இருக்கின்றன. நம் வீடுகளில் கல்யாணமாகாத பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்குவதும், கேட்டால் உடன்வந்தவர் முகம் சுளிப்பதும் இன்னும் நடக்கிறது. கேட்டே ஆக வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள். இதைச் சீட்டில் கிழமையோடு எழுதிக் கொடுக்க வேண்டும். தினசரி மாத்திரை என்று நினைத்து விழுங்கி, வாய் முழுக்கப் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போனவர்கள் பல நாடுகளிலும் உண்டு. கூடவே ஃபோலிக் அமிலம், வேறொரு கிழமையில். கல்லீரலையும் ரத்த அணுக்களையும் குறித்த இடைவெளியில் சோதித்துக்கொண்டே வர வேண்டும். மது கூடாது.

மெத்தோட்ரெக்சேட் வேலையைத் தொடங்க ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை வலியில் துடிக்க விடுவதா? இங்கேதான் ஹெஞ்சின் மருந்து மறுபடி வருகிறது, குறைந்த அளவில், முடிவுத் தேதியோடு. பிரெட்னிசோலோனைத் தொடங்கும்போதே எப்படிக் குறைப்பது, எந்த மாதத்தில் நிறுத்துவது என்று திட்டம் போட்டுவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்ப்பது இன்றைய வழக்கம். இந்த இரண்டாலும் அடங்கவில்லை என்றால் உயிரியல் மருந்துகள். டி.என்.எஃப். புரதத்தைத் தடுத்தால் முடக்குவாதம் அடங்கும் என்று 1992-ல் லண்டனில் முதன்முதலாக நோயாளிகளிடம் சோதித்தவர்கள் மார்க் ஃபெல்ட்மன், பஞ்சாபில் பிறந்த ரவீந்தர் மைனி இருவரும். அந்த ஊசிகளுக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம், நம் நாட்டில் இன்னும் கட்டாயம்.

பத்தியம்? புளி ஆகாது, உருளைக்கிழங்கு ஆகாது, கத்தரிக்காய் ஆகாது என்று நீளும் பட்டியலுக்கு முடக்குவாதத்தில் உறுதியான ஆதாரம் கிடையாது. பீடி, சிகரெட் ஆகாது என்பதற்கு உண்டு.

செட் மாத்திரை

மேயோவில் அன்று கொடுத்த 100 மில்லிகிராம் கார்ட்டிசோன், இன்றைய கணக்கில் 20 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். இன்னும் வீரியமான ஸ்டிராய்டான டெக்சாமெத்தசோனாக மாற்றினால் 3 மில்லிகிராம்; அதாவது, அரை மில்லிகிராம் மாத்திரை ஆறு. அந்த அரை மில்லிகிராம் மாத்திரை உளுந்தளவுதான் இருக்கும். விலை சில காசு. ஆனால் ஒரே ஒரு மாத்திரையின் வீரியம், உடம்பு ஒரு முழு நாளில் தானாகச் சுரக்கும் கார்ட்டிசாலுக்குக் கிட்டத்தட்ட ஈடு.

இந்தக் கணக்கைப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பு வலி, முட்டி வலி என்று மருந்துக்கடையில் போய் நின்றால், சீட்டு எதுவும் கேட்காமல் நாலைந்து மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டிக் காகிதப் பொட்டலத்தில் போட்டுக் கொடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, ஒரு சத்து மாத்திரை, அவற்றோடு ஒரு குட்டி வெள்ளை மாத்திரை. வேலை செய்வது பெரும்பாலும் அந்தக் குட்டி ஸ்டிராய்டு மாத்திரைதான். “அந்தக் கடை மருந்துன்னா உடனே கேக்குதுங்க” என்று சொல்லும்போது, 1948-ல் கட்டிலில் புரண்ட அதே நிம்மதியைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். பெயரில்லாத மூட்டுவலிச் சூரணங்களிலும் லேகியங்களிலும் ஸ்டிராய்டு கலந்திருந்ததை இந்தியாவில் பலமுறை சோதனையில் பிடித்திருக்கிறார்கள். பசி எடுக்கிறது, முகம் பூரிக்கிறது, ‘உடம்பு தேறிட்டுது’ என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். ஹெஞ்சின் காலத்திலேயே பக்கவிளைவு என்று தெரிந்துபோன உருண்டை முகம்தான் அது.

மாதக்கணக்கில் இந்த ஸ்டிராய்டைச் சாப்பிட்டவருக்கு நான் முதலில் சொல்வது, தடாலென்று நிறுத்திவிடாதீர்கள் என்பதே. வெளியிலிருந்து ஸ்டிராய்டு வந்துகொண்டே இருப்பதால் அட்ரினல் சுரப்பி சொந்த வேலையை விட்டிருக்கும். சட்டென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே கேடு வரலாம். ஒரு காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், அதுவும் டாக்டர் மேற்பார்வையில்.

போகும்போது அந்தப் பொட்டலத்தையோ சூரண டப்பாவையோ கையோடு எடுத்துப் போங்கள். திட்டுவார்களோ என்று மறைத்தால், ஏன் சர்க்கரை ஏறியிருக்கிறது, ஏன் இடுப்பெலும்பு வலிக்கிறது என்று டாக்டர் இருட்டில் தேட வேண்டியிருக்கும். நீண்ட நாள் ஸ்டிராய்டு இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டத்தைக் குறைத்து அதைச் சாகடிக்கும். கண்புரையும் முன்னதாக வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண், எலும்பு அடர்த்தி நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் மூட்டுநோய்களுக்கென்றே தனி ருமட்டாலஜி துறை இருக்கிறது. பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் தங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் தொடங்கலாம். காலை இறுக்கம் எத்தனை நிமிடம் நீடிக்கிறது, எந்தெந்த விரல் கணு வீங்குகிறது என்று ஒரு வாரம் கவனித்து ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் போனால், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.